அதிர்ச்சி ஓய்ந்த பிறகும் அதிரும் உறுமி... எம்.ஐ.ஏ-வின் ‘மாதா’ ஆல்பத்தை விமர்சகர்கள் எப்படிக் கேட்டார்கள்?

திருவிழா உறுமியை உலக மேடைக்குக் கொண்டுபோன ஈழத்தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஒரு சர்ச்சை என்று பழகிப்போன அவரது ஆறாவது ஆல்பம் ‘மாதா’, 2022-ல் வெளியானது. அதைப் பற்றி எழுதியவர்களில் எத்தனை பேர் பாடல்களைக் கேட்டார்கள், எத்தனை பேர் பாடகியைப் பற்றி மட்டும் பேசினார்கள்?

பங்குனி பிறந்துவிட்டால் புதுக்கோட்டை வட்டாரத்தில் பல ஊர்ப் பாதைகள் நார்த்தாமலையை நோக்கித் திரும்பிவிடும். முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பவர்கள், காவடி தூக்குபவர்கள், அலகு குத்திக்கொள்பவர்கள் என்று சாலை நிறைந்துவிடும். தேரோட்டத்துக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடப்படுவதும் உண்டு.

ஊரைச் சுற்றி ஒன்பது குன்றுகள். மேலமலையில் இருக்கும் விஜயாலய சோழீச்சரத்தைப் பார்க்க வெளியூரிலிருந்தும் வருகிறார்கள். அதே குன்று வரிசையில் ஒன்றின் பெயர் உவச்சன்மலை. உவச்சர் என்பது கோயிலில் கொட்டு முழக்கியவர்களைக் குறிக்கும் பழைய சொல். சோழர் காலக் கல்வெட்டுகளிலும் அந்தச் சொல் வருகிறது. கொட்டு அடித்தவர்களின் பெயரை ஒரு குன்றே சுமந்து நிற்கும் ஊர் இது.

தமிழ்நாட்டுத் திருவிழாக் கொட்டுகளில் தனிக் குரல் உறுமிக்கு உண்டு. இடை சிறுத்த, இரண்டு முகம் கொண்ட தோல்கருவி அது. ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். இன்னொரு முகத்தில் வளைந்த குச்சியை வைத்துத் தேய்ப்பார்கள். அப்போது எழும் உறுமல்தான் அதற்குப் பெயரையே கொடுத்தது. சாமி வந்து ஆடுபவரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் புதிதல்ல. லண்டன், நியூயார்க் இசை ரசிகர்களுக்கு அது புத்தம் புதிது. 2006-ன் இறுதியில் ‘பேர்ட் ஃப்ளூ’ என்ற பாடலில் அவர்கள் அதைக் கேட்டார்கள். பாடியவர் எம்.ஐ.ஏ.

மாதங்கி எம்.ஐ.ஏ. ஆன கதை

முழுப்பெயர் மாதங்கி அருள்பிரகாசம். நண்பர்களுக்கும் ரசிகர்களுக்கும் மாயா. 1975 ஜூலை 18-ல் லண்டனில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் யாழ்ப்பாணம் திரும்பியது. அப்பா அருளர், ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதனால் வீட்டில் அவரைப் பார்ப்பதே அரிது. போர் முற்றிய காலத்தில் அம்மா கலா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இடம் மாறிக்கொண்டே இருந்தார். சிறிது காலம் சென்னையிலும் வாழ்ந்தார்கள். 1986-ல் அகதிகளாக மீண்டும் லண்டன். அம்மா தையல் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார்.

லண்டனின் புகழ்பெற்ற சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் படித்த மாயா முதலில் ஓவியராகத்தான் அறியப்பட்டார். பிறகு ஒரு சின்ன மின்னணு இசைக்கருவியை வைத்துக்கொண்டு தானே பாட்டுக் கட்டத் தொடங்கினார். 2005-ல் வந்த முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் பெயர்: ‘அருளர்’. பிரிட்டனின் முக்கிய இசை விருதான மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலுக்கு அது தேர்வானது. 2007-ல் வந்த இரண்டாவது ஆல்பத்துக்கு அம்மாவின் பெயர்: ‘கலா’.

‘கலா’ உருவான விதமே ஒரு கதை. அமெரிக்க விசா சிக்கலானதால் அங்கே தங்கிப் பதிவு செய்ய முடியவில்லை. மாயா இந்தியா, டிரினிடாட், லைபீரியா, ஆஸ்திரேலியா என்று சுற்றினார். சென்னையில் உறுமிக் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்தார். ‘பேர்ட் ஃப்ளூ’ பாடலில் ‘ஜெயம்’ படத்தின் திருவிழாப் பாட்டிலிருந்து ஒரு துண்டு இருக்கிறது. ‘பாம்பூ பாங்கா’வில் ‘தளபதி’ படத்துக்கு இளையராஜா போட்ட ‘காட்டுக்குயிலு’ ஒலிக்கிறது. அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் ‘கலா’வையே தேர்ந்தெடுத்தது.

அதே ஆல்பத்தின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ 2008-ல் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 4-ம் இடம் வரை ஏறியது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மானோடு சேர்ந்து செய்த ‘ஓ... சாயா’ ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. 2009 பிப்ரவரியில், நிறைமாதக் கர்ப்பிணியாக கிராமி மேடையில் ஏறிப் பாடினார் மாயா.

அதிர்ச்சி ஒரு தொழில்

மேற்கத்திய இசையில் ‘ஷாக் ராக்’ என்று ஒரு வகை உண்டு. பார்ப்பவர்களைத் திடுக்கிட வைப்பதே அதன் அழகு. அதன் மூத்த முகம் அமெரிக்கப் பாடகர் ஆலிஸ் கூப்பர். கழுத்தில் மலைப்பாம்பு, முகத்தில் கறுப்பு மை, மேடையில் தலையை வெட்டும் கில்லட்டின் எந்திரம் என்று 1970-களில் பெற்றோர்களை அலற வைத்தவர். ஒரு கட்டத்தில் அந்த அலறல் அடங்கிவிட்டது. நிகழ்ச்சி முடிந்ததும் வெட்டுப்பட்ட தலையோடு கூப்பர் சிரித்துக்கொண்டே வணக்கம் சொல்வார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. 2011-ல் ராக் இசையின் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ கௌரவமும் கிடைத்தது. 2021-ல் ‘டெட்ராய்ட் ஸ்டோரீஸ்’ வந்தபோதும், 2025-ல் பழைய குழுவினரோடு மீண்டும் சேர்ந்து ‘தி ரிவெஞ்ச் ஆஃப் ஆலிஸ் கூப்பர்’ வெளியிட்டபோதும், அந்தப் பழைய பூச்சாண்டியைப் பார்த்து யாரும் பயப்படவில்லை.

மாயா ராக் பாடகி இல்லை. ராப், நடன இசை, நாட்டுப்புறத் தாளம் எல்லாம் கலந்தது அவர் பாணி. ஆனால் திடுக்கிட வைப்பதில் அவரும் சளைத்தவர் இல்லை. ‘பேப்பர் பிளேன்ஸ்’ பல்லவியில் துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டி திறக்கும் சத்தமும் வரும். புலம்பெயர்ந்து வருபவர்கள் எல்லாம் கொள்ளையடிக்க வருகிறவர்கள் என்று நினைப்பவர்களைக் கேலி செய்யும் பாட்டு அது. அமெரிக்கத் தொலைக்காட்சிகள் அந்தத் துப்பாக்கிச் சத்தத்தை மாற்றி ஒலிபரப்பின.

கூப்பரின் மேடையில் ஓடுவது சாய ரத்தம். மாயாவின் பாட்டில் வரும் வெடிச்சத்தம் அவர் சின்ன வயதில் நிஜமாகவே கேட்டது. விமர்சகர்களுக்கு அவரோடு சிக்கல் தொடங்கிய இடமும் அதுதான்.

2010: பாராட்டு திரும்பிய ஆண்டு

இலங்கைப் போர் 2009 மே மாதம் முடிந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் மாயா வெளியிட்ட ‘பார்ன் ஃப்ரீ’ வீடியோ ஏறக்குறைய 9 நிமிடம் ஓடும். செம்பட்டை முடி உள்ள இளைஞர்களை மட்டும் ராணுவம் வீடு வீடாகத் தேடிப் பிடித்து, பாலைவனத்துக்குக் கொண்டுபோய்க் கொல்லும். முடியின் நிறத்துக்காகக் கொல்வதைப் பார்த்துப் பதறுகிறீர்களே, இனத்தின் பெயரால் கொல்லும்போது எங்கே போனீர்கள் என்று அந்த வீடியோ கேட்காமல் கேட்டது. யூடியூப் அதைக் கட்டுப்படுத்தியது. உலகம் வீடியோவின் வன்முறையைப் பற்றி விவாதித்தது. அது எதைச் சுட்டியதோ, அதைப் பற்றிய பேச்சு குறைவாகவே இருந்தது.

மே மாதம் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் மாயா பற்றி ஒரு நீண்ட கட்டுரை வந்தது. விலை உயர்ந்த காளான் வாசம் சேர்த்த உருளைக்கிழங்கு வறுவலைச் சாப்பிட்டபடி அவர் புரட்சி பேசுகிறார் என்ற தொனி அதில் இருந்தது. கோபமடைந்த மாயா கட்டுரையாளரின் தொலைபேசி எண்ணை ட்விட்டரில் போட்டுவிட்டார். அது சரியான செயல் இல்லை. ஆனால், மேற்கோள்களைக் கையாண்ட விதம் குறித்து அந்தப் பத்திரிகையும் பின்னர் ஒரு குறிப்பு வெளியிட வேண்டி வந்தது. இத்தனை ரகளைக்கு நடுவே, ஜூலையில் மூன்றாவது ஆல்பமான ‘மாயா’ வந்தது.

விமர்சனங்கள் இரண்டாகப் பிளந்தன. துளைக்கும் எந்திரச் சத்தமும் இரைச்சலும் நிறைந்த அந்த ஆல்பத்தைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை என்றார்கள் சிலர். முந்தைய இரண்டு ஆல்பங்களையும் கொண்டாடியிருந்த ‘பிட்ச்ஃபோர்க்’ இணைய இதழ் இதற்கு 10-க்கு 4.4 மதிப்பெண்தான் கொடுத்தது. ஆனாலும் அமெரிக்க ஆல்பம் பட்டியலில் அது 9-ம் இடம் பிடித்தது.

ஆல்பத்தின் தொடக்கத் துண்டில், நாம் இணையத்தில் செய்வதெல்லாம் கூகுள் வழியாக அரசாங்கத்துக்குப் போகிறது என்று ஒரு குரல் சொல்லும். அன்று பலருக்கு அது சந்தேகப் பிராணியின் புலம்பலாகத் தெரிந்தது. 2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் அமெரிக்க உளவு நிறுவனத்தின் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தார். பெரிய இணைய நிறுவனங்களின் தரவுகளை அரசு எப்படித் திரட்டுகிறது என்பது அப்போது தெரிந்தது. அதன் பிறகு அந்த ஆல்பத்தைத் திரும்பக் கேட்டவர்களுக்கு அது வேறு மாதிரி ஒலித்தது. காலத்துக்கு முன்னால் வந்த ஆல்பம் என்று பின்னாளில் எழுதினார்கள்.

ஒரு விரலும் இரண்டு ஆல்பங்களும்

2012 பிப்ரவரி 5. அமெரிக்காவே உட்கார்ந்து பார்க்கும் சூப்பர் பௌல் கால்பந்து இறுதிப் போட்டி. இடைவேளையில் மடோனாவோடு பாடிய மாயா, கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். முதலில் 15 லட்சம் டாலர் கேட்ட தேசியக் கால்பந்து லீக், பிறகு தொகையை 1 கோடியே 66 லட்சம் டாலராக உயர்த்தியது. 2014-ல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. சில விநாடிகள் நீண்ட ஒரு விரல், இரண்டு ஆண்டுகள் அவரது பெயரோடு ஒட்டிக்கொண்டது.

இதற்கிடையே 2013 நவம்பரில் ‘மாதங்கி’ ஆல்பம் வந்தது. தன் பெயருக்குரிய தெய்வத்தைப் பற்றி இணையத்தில் தேடிப் படித்தபோது கிடைத்த எண்ணம் அது என்று மாயா சொல்லியிருக்கிறார். தசமகா வித்யைகளில் ஒருத்தியான மாதங்கி, இசைக்கும் வாக்குக்கும் உரியவள். ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களோடும் எச்சிலோடும் தொடர்புபடுத்தப்படும் தேவி. அந்த ஆல்பத்துக்குப் பொதுவாக நல்ல வரவேற்பு. 2016-ல் அகதிகளையும் எல்லைகளையும் பற்றிப் பேசிய ‘எய்ம்’ வந்தது. வரவேற்பு மந்தம். இதுவே கடைசி ஆல்பமாக இருக்கலாம் என்றார் மாயா.

2019-ல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு எம்.பி.இ. கௌரவம் அறிவித்தது. அந்தப் பதக்கங்களுக்கான துணி நாடாக்களைத் தைத்தவர்களில் தன் அம்மாவும் ஒருவர் என்று மாயா அப்போது சொன்னார். அம்மா தைத்த பதக்கத்தை மகள் வாங்கினாள்.

2022: ‘மாதா’வும் மதிப்பெண்களும்

ஆறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, 2022 அக்டோபர் 14-ல் ‘மாதா’ வெளியானது. 13 பாடல்கள். அதில் ஒன்றின் பெயரே ‘புத்தி’. தமிழ்க் காதுக்கு ‘மாதா’ என்றால் அம்மா. வேளாங்கண்ணியில் அது மேரி மாதா. நார்த்தாமலையில் மாரியும் மாதாதான். அந்தச் சமயத்தில் இன்னொரு செய்தியும் சேர்ந்துகொண்டது. தனக்கு இயேசுவின் காட்சி கிடைத்ததாகவும், அதன் பிறகு கிறிஸ்தவ நம்பிக்கைக்கு மாறியதாகவும் பேட்டிகளில் சொன்னார் மாயா. இந்துத் தெய்வத்தின் பெயரில் ஆல்பம் போட்டவர் ஏன் மாறினார் என்று ரசிகர்கள் கேட்டார்கள்.

ஆல்பம் வருவதற்குச் சில நாள்களுக்கு முன் பெரிய சர்ச்சை வெடித்தது. பள்ளிக் குழந்தைகள் கொல்லப்பட்ட துப்பாக்கிச்சூடு நடக்கவே இல்லை என்று பொய் பரப்பியதற்காக அமெரிக்காவில் அலெக்ஸ் ஜோன்ஸ் என்பவருக்கு எதிராக நீதிமன்றம் பெரும் தொகை விதித்திருந்தது. அதையும், தடுப்பூசிக்கு ஆதரவாகப் பேசிய பிரபலங்களையும் ஒப்பிட்டு மாயா ட்வீட் போட்டார். கண்டனங்கள் குவிந்தன. தனக்கு வந்திருந்த ஒரு விருது விழா அழைப்பு இதனால் திரும்பப் பெறப்பட்டதாக அவரே பிறகு தெரிவித்தார்.

இந்தப் பின்னணியில்தான் விமர்சகர்கள் ‘மாதா’வைக் கேட்டார்கள். மொத்தத்தில் வரவேற்பு சாதகமாகவே இருந்தது. ஆனால் ஒருமனதாக இல்லை. ‘கலா’வில் இருந்த துள்ளலும் தெற்காசியத் தாளமும் திரும்பி வந்துவிட்டன என்று மகிழ்ந்தவர்கள் ஒரு பக்கம். ஆறு ஆண்டு காத்திருப்புக்கு இந்த வரிகள் போதாது, கோஷங்களாக நின்றுவிடுகின்றன என்று குறைப்பட்டவர்கள் மறு பக்கம். இரண்டு தரப்பிலும் பலர் பாட்டுக்குள் நுழைவதற்கு முன் ட்வீட்டுகளைப் பற்றிச் சில பத்திகள் எழுதினார்கள்.

அது தவறா? முழுக்கத் தவறு என்று சொல்லிவிட முடியாது. பெருந்தொற்றில் உறவுகளை இழந்த குடும்பங்கள் இங்கேயும் ஏராளம். தடுப்பூசி பற்றி ஒரு பிரபலம் போகிற போக்கில் சொல்வதை அவர்கள் எளிதாகக் கடந்துபோக முடியாது. கூகுள் பற்றி மாயா முன்கூட்டிச் சொன்னது நிரூபணமானது என்பதற்காக, அவர் சொல்வதெல்லாம் சரியாகிவிடாது. ஒருமுறை பலித்த சந்தேகம் அடுத்த சந்தேகத்துக்குச் சாட்சி இல்லை. அதைச் சொல்ல விமர்சகருக்கு உரிமை உண்டு.

ஆனால் விமர்சகரின் வேலை அத்தோடு முடிவதில்லை. ஒரு பாட்டில் தாளம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, அது எங்கிருந்து வந்தது, அதை வாசித்தவர்கள் யார், பழைய ஆல்பத்திலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று சொல்ல வேண்டியதும் அவர்தான். பாடகியின் கருத்துக்கு ஒரு மதிப்பெண், பாட்டுக்கு ஒரு மதிப்பெண் என்று பிரித்துப் போடாவிட்டால், ஆல்பத்தைக் கேட்கலாமா என்று தெரிந்துகொள்ள வந்த வாசகருக்குப் பதில் கிடைக்காது.

கூப்பருக்குக் கிடைத்த சலுகை

ஆலிஸ் கூப்பர் போன்ற மூத்த கலைஞரின் பிற்கால ஆல்பத்தை எடைபோடும்போது விமர்சகர்களிடம் ஒரு கனிவு வந்துவிடுகிறது. ‘இந்த வயசிலும் என்ன உற்சாகம்’ என்று எழுத முடிகிறது. காரணம், அவரது அதிர்ச்சி நாடகம். திரை விழுந்ததும் முடிந்துவிடும். யாரும் எந்தப் பக்கமும் நிற்க வேண்டியதில்லை.

மாயாவின் அதிர்ச்சிக்குத் திரை இல்லை. அவர் பேசிய போர் நடந்தது. அவர் பாடிய அகதிகள் இன்னும் கடலில் இருக்கிறார்கள். அதனால் அவரது ஒவ்வொரு ஆல்பத்தின்போதும் ‘நீங்கள் அவரோடு உடன்படுகிறீர்களா’ என்ற கேள்வி முதலில் வந்து நிற்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே விமர்சனத்தின் பாதி இடம் தீர்ந்துபோகிறது. 2010-ல் வறுவல், 2012-ல் விரல், 2022-ல் ட்வீட். தலைப்பு மாறினாலும் தாளம் எப்போதும் கடைசிப் பத்திக்கே தள்ளப்பட்டது.

இங்கிருந்து கேட்டால்...

இதில் தமிழ்ப் பக்கமும் தப்பிக்க முடியாது. இங்கே மாயாவைப் பற்றிப் பேச்சு வருவது பெரும்பாலும் இரண்டு சமயங்களில்தான். ஒன்று, ‘ஆஸ்கர் வரை போன தமிழச்சி’ என்ற பெருமை. இன்னொன்று, அரசியல் சர்ச்சை. அவரது பாடல்களில் இருக்கும் நம் ஊர்க் கொட்டைப் பற்றி நாமே விரிவாகப் பேசியதில்லை.

லண்டன் விமர்சகரின் காதுக்குக் குழப்பமாகக் கேட்கும் இடத்தில் நம் காதுக்கு ஒரு ஒழுங்கு தெரியும். உறுமி எப்போது தேயும், எப்போது அடி விழும், ஆட்டம் எங்கே வேகம் எடுக்கும் என்பது திருவிழாவில் நின்றவர்களுக்குப் பாடமாகவே இருக்கும். ‘பேர்ட் ஃப்ளூ’வை முதல் முறை கேட்கும் நார்த்தாமலைக்காரருக்கு ஆங்கில வரிகள் புரியாமல் போகலாம். அடி புரிந்துவிடும். அந்த அறிவு எந்த வெளிநாட்டு விமர்சகரிடமும் இல்லாதது. ‘மாதா’ பழைய துள்ளலை மீட்டதா, வெறுமனே நகல் எடுத்ததா என்று சொல்லும் தகுதி உள்ள காதுகள் புதுக்கோட்டையிலும் யாழ்ப்பாணத்திலும் நிறைய உண்டு.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. மாயாவின் பெயர் உலகத்துக்குத் தெரியும். அவருக்காகச் சென்னையில் உறுமி வாசித்தவர்களின் பெயர் எத்தனை ரசிகர்களுக்குத் தெரியும்? கொட்டு அடிப்பவர்களுக்குக் கூலி உண்டு, பெயர் இல்லை என்பது நம் ஊர்த் திருவிழாக்களிலும் பழைய வழக்கம்தான். அதிர்ச்சியைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதும் விமர்சனங்கள், இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் இன்னும் பயன்பட்டிருக்கும்.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

மாயாவை இதுவரை கேட்காதவர்கள் முதலில் ‘பேர்ட் ஃப்ளூ’வைக் கேட்கலாம். உறுமிதான் அதன் கதாநாயகன். அடுத்து ‘பாம்பூ பாங்கா’. இளையராஜாவின் துண்டு எங்கே வருகிறது என்று வீட்டில் பெரியவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். பிறகு ‘பேப்பர் பிளேன்ஸ்’. அதன் பின் ‘மாதா’ ஆல்பத்திலிருந்து ‘புத்தி’, ‘பாப்புலர்’ இரண்டையும் கேட்டால், 2007-க்கும் 2022-க்கும் இடையில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்பது தெரியும். ‘பார்ன் ஃப்ரீ’ வீடியோவில் கடுமையான வன்முறைக் காட்சிகள் உண்டு. குழந்தைகள் அருகில் இருக்கும்போது வேண்டாம்.

பிடித்தால் பிடித்தது என்று சொல்லலாம். பிடிக்காவிட்டால் ஏன் பிடிக்கவில்லை என்றும் சொல்லலாம். அவர் போட்ட ட்வீட்டைக் கண்டிக்கவும் செய்யலாம். அந்தத் தீர்ப்பை எழுதுவதற்கு முன், பாட்டை ஒருமுறை முழுதாகக் கேட்டுவிடுவது மட்டும் அவசியம்.